ஒற்றைத் தலைவலியும் செரடோனினும்

(மைசூருவில் நமது சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ மாணவர்களுக்கு முப்பது வருஷம் மருந்தியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆரோக்கியம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று காரியதரிசி கேட்டபோது, ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் விட்டுவிட்டு, மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், நம் வீடுகளில் நிறைய பேருக்கு இருந்தும் வியாதி என்று மதிக்கப்படாத வியாதி இது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அந்நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று 2,329 பேரைக் கேட்டு, 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு வருஷ காலத்தில் நூற்றுக்கு 25 பேருக்கு மைக்ரேன் வந்திருந்தது. அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிக அதிகம். இந்த ஹாலில் நூறு பேர் இருந்தால், கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளலாம்.

என் அத்தை மாதத்தில் இரண்டு நாள் காமரா உள்ளில் கதவைச் சாத்தி, தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. வாந்தி எடுத்தால் சற்றுத் தணியும். "பித்தம்" என்பார் பாட்டி. "வேலை வந்தால் இவளுக்குத் தலைவலியும் வந்துவிடும்" என்பார்கள் மற்றவர்கள். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மூளையில் என்ன நடந்தது என்று இன்று நமக்கு ஓரளவு தெரியும்.

செரடோனின் என்பது நம் உடம்பே தயாரிக்கும் ஒரு ரசாயனம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1948-ல் இதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். உடம்பிலுள்ள செரடோனினில் சுமார் தொண்ணூறு சதவிகிதம் குடலில்தான் இருக்கிறது. மீதியில் ஒரு பகுதி ரத்தத் தட்டணுக்களில். மூளையில் இருப்பது மிகச் சொற்பம். ஆனால் தூக்கம், மனநிலை, பசி, வலி எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

இதற்கும் தலைவலிக்கும் உள்ள உறவு தெரியவந்ததில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் எழுதினார். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் செரடோனினைக் காலி செய்துவிடும் என்று பிறகு தெரிந்தது. மைக்ரேன் வரும்போது ரத்தத்தில் செரடோனின் சட்டென்று குறைகிறது என்பதை ஸிட்னியில் ஜேம்ஸ் லான்ஸும் அவருடைய சகாக்களும் 1967-ல் காட்டினார்கள். மைக்ரேன்காரர்களுக்கு ரெசர்பின் கொடுத்தால் தலைவலி வந்தது. செரடோனினை ஊசி மூலம் ஏற்றினால் தணிந்தது.

அப்படியானால் செரடோனினையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. குடல், நுரையீரல், ரத்தக் குழாய் எல்லாம் அதற்குச் செவி சாய்ப்பவை. ஊசி போட்டவர்களுக்கு மூச்சுத் திணறல் போன்ற உபத்திரவங்கள் வந்தன. செரடோனின் ஒரு சாவி என்றால், உடம்பில் அதற்கு ஏழு குடும்பங்களைச் சேர்ந்த பதினாலு விதமான பூட்டுகள் இருக்கின்றன. தலைவலிக்கான பூட்டை மட்டும் திறக்கும் சாவி வேண்டும். இங்கிலாந்தில் கிளாக்ஸோ கம்பெனியில் பாட்ரிக் ஹம்ஃப்ரி என்பவர் 1972-ல் தேட ஆரம்பித்தார். அதில் கிடைத்த சுமாட்ரிப்டான் 1991-ல் விற்பனைக்கு வந்தது. ரிஸாட்ரிப்டான் முதலானவை அதன் தம்பி தங்கைகள்.

இவை சாதாரண வலி மாத்திரைகள் அல்ல. மைக்ரேன் வரும்போது, தலைக்கும் முகத்துக்கும் உணர்ச்சி தரும் முப்பிரிவு நரம்பின் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை வெளிவிடுகின்றன. அதனால் மூளையுறையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வலி தூண்டப்படுகிறது. ட்ரிப்டான் அந்தக் கசிவை நிறுத்துகிறது. விரிந்த குழாயைச் சுருக்குகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி தணிகிறது. சி.ஜி.ஆர்.பி.யையே தடுக்கும் மருந்துகளும் 2018 முதல் வந்திருக்கின்றன.

ரத்தக் குழாயைச் சுருக்குவதால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ட்ரிப்டானைத் தொடக்கூடாது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்டது என்று வாங்கிப் போட்டுக் கொள்ளும் மருந்து இது அல்ல.

வலி ஆரம்பித்த உடனேயே போட்டுக்கொள்ள வேண்டும். "பொறுத்துப் பார்க்கிறேன்" என்று இருந்துவிட்டு, வாந்தி வந்த பிறகு விழுங்கினால் பலன் குறைவு. அந்த நேரத்தில் வயிறே மந்தமாகிவிடுகிறது. மாத்திரை சரியாக ரத்தத்தில் ஏறாது. பொறுமை நல்ல குணம்தான், ஆனால் மைக்ரேனிடம் அது செல்லாது.

மிக முக்கியமானது, நாள் கணக்கு. ட்ரிப்டானோ, காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையோ மாதத்தில் பத்து நாள் அல்லது அதற்கு மேல், வெறும் பாராசிட்டமால் வகை பதினைந்து நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், மருந்தே தலைவலியை உண்டாக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் காலைக் காபியோடு ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒன்று என்று வருஷக்கணக்கில் போட்டுக் கொண்டிருந்தார். டாக்டர் நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் கஷ்டம்தான். இரண்டு மாதத்தில் தினசரி வலி போயிற்று. மிஞ்சியது மாதம் மூன்று நாள் மைக்ரேன். அதற்கு வைத்தியம் செய்ய முடிந்தது. ஆகவே காலண்டரில் தலைவலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மாதத்தில் நாலைந்து நாள் படுக்கையில் தள்ளுகிறது என்றால், வராமல் தடுக்கத் தினசரி மருந்து உண்டு: ப்ரொப்ரனலால், ஃப்ளுனாரிஸின், அமிட்ரிப்டிலின் போன்றவை. அமிட்ரிப்டிலின் சீட்டைப் பார்த்து, "இது மனநோய் மருந்தாமே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. செரடோனினை நரம்பு முனையில் சற்று நேரம் தங்க வைக்கும் மருந்துகளில் அது ஒன்று. குறைந்த அளவில் மைக்ரேனுக்கும் உதவுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரொப்ரனலால் ஆகாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம் ஆசாரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வருகிறது என்று பெண்கள் சொல்வது கற்பனை அல்ல. மும்பை தலைவலி நிபுணர் டாக்டர் கே. ரவிசங்கர் அப்படிப்பட்ட 94 பேரைப் பற்றி 2006-ல் சர்வதேச மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். பட்டினி, தூக்கக் குறைவு, கண்ணைக் கூசும் வெளிச்சம், வேளை தவறிய காபி இவையும் தூண்டும். ஏகாதசி உபவாசத்தில் தலைவலி வருகிறவர்கள் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகப் பகவான் கோபித்துக் கொள்ள மாட்டார்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி வந்தாலோ, இடி விழுந்தாற்போல் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போனாலோ, ஜுரம், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் இவற்றோடு வந்தாலோ, மைக்ரேன் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மாட்டுப்பெண்ணோ, பெண்ணோ, பிள்ளையோ தலைவலி என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், அது சாக்கு என்று நினைக்காதீர்கள். அடுப்பைச் சற்று நேரம் நீங்கள் பார்த்துக் கொண்டு, ஒரு டம்ளர் ஜலமும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் உரிய நேரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.