முதல் பணமா? மாதப் பணமா?



ஒரு ஊருக்குக் குடிநீர்த் திட்டம் வருகிறது. அதைத் தாங்கும் சக்தி ஊருக்கு உண்டா என்று எதை வைத்துப் பார்ப்பது? "முதலில் கட்டும் பங்குத் தொகையை வைத்து"ன்னு எதிரணி அம்மா சொன்னாங்க. நான் சொல்றேன், மாசாமாசம் கட்டுற பணத்தை வைத்து!

பங்குத் தொகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2002-ல் வந்த சுவஜல்தாரா திட்டத்தில், செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு. 2019-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்திலும் ஊருக்குள் நடக்கும் வேலைக்கு 10 சதவீதம். மலை, காட்டுப் பகுதிகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களுக்கும் 5 சதவீதம். கையில் பணம் இல்லையா? உழைப்பாகவும் தரலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனா எங்க ஊர்ல என்ன நடந்துச்சு? பங்குத் தொகையை ஒப்பந்தக்காரரே கட்டிட்டார். புண்ணியவான்! (சிரிப்பு) காகிதத்தில் எங்க ஊர் சக்தியுள்ள ஊர். தண்ணி வந்துச்சு, பொங்கல் வெச்சோம். எட்டாம் மாசம் மோட்டார் காயில் கருகிப்போச்சு. வீட்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்டாங்க. "போட்டவன் பார்த்துக்கட்டும்"னு கதவைச் சாத்திட்டோம். மூணு மாசம் எங்க அம்மா இடுப்புல குடத்தோட பழையபடி கிணத்துக்கு நடந்தாங்க. தொட்டி மேல காக்கா உட்கார்ந்திருந்துச்சு.

ஒருத்தன் கடன் வாங்கிக் கல்யாணத்தை ஜோரா நடத்திட்டான். மறுநாள் பால்காரருக்குக் கொடுக்கக் காசில்லை. அவனைக் குடும்பம் நடத்தும் சக்தியுள்ளவன்னு சொல்வீங்களா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

பணக்கார நாடு அமெரிக்கா. அங்கே 1986-ல் நீர்வளச் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளத் தடுப்பு வேலைக்கு உள்ளூர் அமைப்பும் பங்கு போடணும். ஆனால் கட்டும் சக்தி இல்லாத ஊருக்குப் பங்கைக் குறைக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. வேலை முடிந்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு? உள்ளூர் அமைப்பின் பொறுப்பு! அப்போ உண்மையான பாரம் எங்கே இருக்கு? கட்டி முடிச்ச பிறகுதான் இருக்கு.

ஆகவே ஊர்க்கூட்டத்தில் இப்படிக் கணக்குப் போடுங்கள். கரண்ட் பில் எவ்வளவு? தொட்டி ஆபரேட்டர் சம்பளம் எவ்வளவு? பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு? மோட்டார் பழுதுக்கு மாசம் எவ்வளவு எடுத்து வைக்கணும்? மொத்தத்தை வீடுகளால் வகுத்துப் பாருங்கள். கூலி வேலை இல்லாத மாதத்திலும் அதைக் கட்ட முடியுமா? முடியாத நாலு வீட்டை மற்ற வீடுகள் தாங்கணும். அவங்க குழாயை அடைக்கக் கூடாது. அதற்கும் மேலே துண்டு விழுந்தால், திட்டம் தொடங்கும் முன்பே அரசிடம் கேளுங்கள்.

வாசலில் குழாய் இருப்பது சக்தி அல்ல. திறந்தால் தண்ணி வருவதுதான் சக்தி! முதல் பணம் திறப்பு விழாவுக்கு. மாதப் பணம்தான் எங்க அம்மா குடத்துக்கு. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.