வேகத்தை அடக்கும் வட்டத் தகடு



விரைந்து செல்லும் மோட்டார் வண்டியைக் கண்டால் அதன் இயந்திரத்தின் வலிமையையும் அது எட்டும் வேகத்தையும் வியந்து பேசுவது மக்கள் இயல்பு. அவ்வேகத்தை அடக்கி ஆளும் பிரேக்கைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. ஆயினும் இயந்திரம் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். பிரேக் பழுதுற்றால் வண்டி நில்லாது. இவ்விரண்டினுள் எது பேராபத்து என்பதைச் சிறுவரும் அறிவர்.

மேனாடுகளில் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டிகளை வைத்திருப்போர், விடுமுறை நாட்களில் அவற்றைப் பந்தயப் பாதைகளுக்குக் கொண்டு சென்று ஓட்டி மகிழ்வதுண்டு. ஜேர்மனியின் ஐபெல் மலைப் பகுதியில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நூர்பேர்க்ரிங் என்னும் பாதை இவற்றுள் பெரும் புகழ் வாய்ந்தது. அதன் வடசுற்று ஏறத்தாழ 20.8 கிலோமீற்றர் நீளமுடையது; காட்டினூடே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்வது. குறித்த நாட்களில் கட்டணஞ் செலுத்தித் தம் சொந்த வண்டியை அங்கே ஓட்டப் பொதுமக்களுக்கும் இடமளிக்கப்படுகின்றது. இவ்வாறு ஓட்ட விரும்புவோர் வண்டி வாங்கும்போதே விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு. உருக்குப் பிரேக் நன்றோ, செரமிக் பிரேக் நன்றோ என்பதே அது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த போர்ஷே 911 ஜீ.ரி.3 வண்டிக்குச் செரமிக் பிரேக் வேண்டுமெனின், அமெரிக்காவில் அப்போது ஏறத்தாழ 9,000 டொலர் மேலதிகமாகக் கொடுத்தல் வேண்டியிருந்தது. இத்துணைப் பொருள் கொடுத்துப் பெறுவது எதனை? இதனையே இன்று ஆராய்வோம்.

முதற்கண் பிரேக் செய்யும் தொழிலை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஓடும் வண்டியிலுள்ள இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றிற் கலக்கவிடுவதே அதன் வேலை. சில்லோடு சேர்ந்து சுழலும் வட்டத் தகடு ஒன்றை, இருபுறமும் உள்ள பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. உராய்வினால் வெப்பம் பிறக்கின்றது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிக நூலார் கண்ட உண்மை. ஆகவே, 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 100 கிலோமீற்றருக்குக் குறையுமாயின், அதன் ஆற்றலில் முக்காற் பங்கு வெப்பமாகின்றது. அவ்வெப்பம் சாதாரண நிலையிலுள்ள ஏறத்தாழ ஆறு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதியது. வீட்டு அடுப்பில் நெடுநேரம் எரித்துப் பெறும் வெப்பத்தை நான்கு தகடுகள் சில கணப்பொழுதில் ஏற்கின்றன. அடுத்த வளைவிலும் அதுவே நிகழும்; அதற்கடுத்த வளைவிலும் அதுவே. நுவரெலியாவிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸிற் பயணஞ் செய்தோர் காய்ந்த பிரேக்கின் மணத்தை அறிவர். பந்தயப் பாதையிற் பிறக்கும் வெப்பம் அதனினும் பன்மடங்கு மிக்கது.

வட்டத் தகட்டுப் பிரேக்கின் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அதன் பெருமையை உலகுக்குக் காட்டியது பந்தயமே. 1953ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில், டன்லொப் தகட்டுப் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. வென்ற வண்டியின் சராசரி வேகம் அப்பந்தயத்தில் முதன்முறையாக மணிக்கு 100 மைலைக் கடந்தது அவ்வாண்டிலேதான். பிறர் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய இடத்தைக் கடந்தும் விரைந்து சென்று, பின்னர் நம்பிக்கையோடு பிரேக்கை மிதிக்க ஜாகுவார் ஓட்டிகளால் இயன்றது. நன்றாக நிற்க வல்லதே விரைவாகச் செல்லவும் வல்லது என்னும் உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

இனித் தகடுகளின் இயல்பை நோக்குவோம். உருக்குத் தகடு என வழக்கிற் கூறப்படுவது பெரும்பாலும் உருக்கன்று. சாம்பல்நிற வார்ப்பிரும்பே அது. வார்ப்பிரும்பு மலிவானது, வெப்பத்தை விரைந்து கடத்துவது, கடைந்து சீராக்கற்கு எளியது. ஆனால் எடை மிக்கது. மழையிற் கிடந்தால் துருவேறுவது. கடுவெப்பமும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்குங்கால் அதன் முகத்தில் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் தோன்றும். அவ்வெடிப்புக்கள் கண்ணுக்குப் புலனாவன. அவை நீண்டு விளிம்பை அணுகுமுன் தகட்டை மாற்றிவிடலாம்.

செரமிக் தகடு என்பதனை வீட்டிலுள்ள பீங்கானோடு ஒப்பிட்டு மயங்கலாகாது. காபன் இழைகளாற் செய்த வட்டத்தினுள், 1,414 பாகை செல்சியஸில் உருகும் சிலிக்கனைச் சூளையிற் பாய்ச்சுவர். காபனும் சிலிக்கனும் கூடிச் சிலிக்கன் காபைட்டு என்னும் மிகக் கடிய பொருள் உண்டாகின்றது. இழைகள் அப்பொருளுக்கு உறுதி அளிக்கின்றன. போர்ஷே நிறுவனம் 2001ஆம் ஆண்டில் 911 ஜீ.ரி.2 வண்டியில் இதனைப் பூட்டி விற்பனைக்கு விட்டது.

இதன் சிறப்புக்கள் மெய்யானவை. வார்ப்பிரும்புத் தகட்டின் எடையில் ஏறத்தாழப் பாதியே இதன் எடை. சில்லோடு சேர்ந்து துள்ளிச் சுழலும் பாரம் குறைவதால், மேடுபள்ளங்களில் ரயர் நிலத்தை விடாது பற்றுகின்றது. வண்டியைத் திருப்புதலும் எளிதாகின்றது. துருப்பிடிப்பதில்லை, சில்லில் கரிய தூசு படிவதும் குறைவு. வீதியில் மட்டும் ஓடும் வண்டியில் இத்தகடு மிக நெடுங்காலம் உழைக்கும்.

அங்ஙனமாயின், பொருளுடையார் ஐயமின்றிச் செரமிக்கையே கொள்ளலாம் அன்றோ எனின், பந்தயப் பாதையின் விடை வேறு. தகட்டினுள் இருக்கும் காபன், 400 அல்லது 500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி மெல்ல எரியத் தொடங்குகின்றது. சிலிக்கன் காபைட்டு அதற்கு ஓரளவு காவலாக நின்றாலும், நாள் முழுதும் கடுமையாக ஓட்டப்படும் வண்டியில் அக்காவல் முழுமை பெறாது. இழைகள் எரியத் தகடு உள்ளூர நலிகின்றது. தடிப்புக் குறையாதிருக்கவே எடை குறைகின்றது. ஆதலின் இத்தகடுகளிற் பலவற்றைக் கழற்றி நிறுத்துப் பார்த்தே அவற்றின் ஆயுளை மதிப்பிடுகின்றனர். மேலும், ஒரே பருமனுள்ள இரு தகடுகளை ஒப்பிடின், செரமிக் தகடு ஏந்தக்கூடிய வெப்பம் குறைவு. இதனாலேயே அதனைப் பெரிதாகச் செய்கின்றனர். பாதை விலகி வண்டி சரளையில் இறங்கினும், சில்லைக் கழற்றும் கை சிறிது தவறித் தகட்டில் மோதினும், விளிம்பு சிதறக்கூடும். அவ்வாறு பழுதுற்ற ஒரு தகட்டின் விலைக்கு வார்ப்பிரும்புத் தகடுகள் பல வாங்கலாம்.

பந்தயத்தையே தொழிலாகக் கொண்டோர் செய்வதென்ன? போர்முலா ஒன் வண்டிகளிற் காணப்படுவது செரமிக் தகடன்று. முழுதும் காபனாலாய வேறொரு தகடு. அது நன்கு சூடேறினாலன்றிச் செவ்வனே பிடிக்காது. ஆதலால் வீதிக்கு உதவாது. விற்பனை வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட ஜீ.ரி.3 வகுப்புப் பந்தயங்களிலோ இரும்புத் தகடுகளே வழங்குகின்றன. போர்ஷேயின் 911 ஜீ.ரி.3 கப் என்னும் இன்றைய பந்தய வண்டியும் அவற்றையே பூண்டுள்ளது. வீதிக்கென விற்கும் வண்டியில் விலையுயர்ந்த தகட்டை விரும்பியவர்க்கு அளிக்கும் நிறுவனமே, பந்தயத்துக்கென விற்கும் வண்டியில் மலிவான தகட்டைப் பூட்டுவது சிந்தித்தற்குரியது.

இங்கே மற்றொன்றும் கூறல் வேண்டும். பாதையில் உயிருக்கு இடர் நேர்வது பெரும்பாலும் தகட்டினால் அன்று. பிரேக் ஒயிலினாலும் கட்டைகளினாலுமே. டொட் 4 என்னும் தரத்துப் புதிய ஒயிலின் கொதிநிலை 230 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமியல்பினது. ஈரமேறிய ஒயிலுக்கு விதிக்கப்பட்ட எல்லை 155 பாகை மாத்திரமே. ஒயில் கொதித்தால் குழாயினுள் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஒயில் அழுத்தத்துக்கு வளையாது. ஆவியோ வளைந்து கொடுக்கும். ஓட்டுபவர் மிதியை மிதிப்பார். அது தடையின்றித் தரைவரை செல்லும். வண்டியோ வேகம் குறையாது வளைவை நோக்கிச் செல்லும். அக்கணத்தில் தகடு இரும்பா செரமிக்கா என்பதாற் பயனொன்றுமில்லை. 9,000 டொலர் கொடுத்துத் தகடு வாங்கியவர், சில டொலர் பெறும் ஒயிலை ஆண்டுக்கணக்கில் மாற்றாதிருப்பின் அவர் வாங்கியது பாதுகாப்பு ஆகாது. அவ்வாறே, வீதிக்குரிய கட்டைகள் கடுவெப்பத்திற் பிடியிழப்பன. பாதைக்கென ஆக்கப்பட்ட கட்டைகளை, அவ்வத் தகட்டுக்குப் பொருந்துமாறு தேர்ந்து பூட்டல் வேண்டும். ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டித் தகடுகளை ஆறவிடுதலும், சூடு தணியுமுன் கைப்பிரேக்கை இழுக்காதிருத்தலும் நல்ல பழக்கங்களாம்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் வினாவுக்கும் அம்மூன்றுமே அளவுகோல். பெரும்பாலும் வீதியில் ஓட்டி, ஆண்டில் ஓரிரு முறை மட்டும் பாதைக்குச் செல்பவர்க்குச் செரமிக் தகடு பொருந்தும். அதன் இலேசும் தூய்மையும் நீண்ட ஆயுளும் அவர்க்கு முழுமையாகப் பயன்படும். திங்கள்தோறும் பாதைக்குச் செல்பவர்க்கு வார்ப்பிரும்பே ஏற்றது. தேயும்போது மனங்கலங்காது மாற்றலாம். பழுது கண்ணுக்குத் தெரியும். செரமிக் பூண்ட வண்டியை முன்னரே வாங்கிவிட்டவர், அத்தகடுகளைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அவ்வண்டிக்கென அளவாகச் செய்த இரும்புத் தகடுகளையும் அவற்றுக்குரிய கட்டைகளையும் பூட்டிப் பாதைக்குச் செல்வதுண்டு. அதுவும் அறிவுடைய செயலே.

விலை மிக்கது எங்கும் சிறந்தது என்னும் எண்ணம் மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதன்று; நம் வாழ்வின் பல துறைகளிலும் அது நம்மை மயக்குகின்றது. ஒரு கருவியின் தகுதியை அறுதியிடுவது அது செய்யவேண்டிய பணியே. தன் வண்டி எங்கே, எவ்வாறு, எத்துணைக் காலம் ஓடப்போகின்றது என்பதை உள்ளபடி தனக்குத் தானே கூறிக்கொள்பவர்க்கு, எத்தகட்டைக் கொள்வது என்னும் வினா எளிதில் தீர்ந்துவிடும்.