கேள் என்று தொடங்கும் வணக்கம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி ஆயர் ஈத்தாமில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சங்கத்தின் 50 ஆண்டு வரலாற்றை மற்றவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நாம் இன்று நம்முடையதல்லாத ஒரு கூடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஜார்ஜ் டவுனில் நாகூர் ரோட்டை அறியாதவர் நம்மில் இல்லை. நம் முன்னோர் கப்பலேறி வந்த கரையின் பெயரைத் தாங்கி நிற்கும் சாலை அது. அதே சாலையில் 28-ஆம் எண் வீட்டில் 1929-ஆம் ஆண்டு யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. 1976-இல் அது மூடப்பட்டது. அதை யாரும் இடிக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. அவர்களுடைய கூட்டு வணக்கத்துக்குக் குறைந்தது பத்துப் பேர் கூட வேண்டும். அந்தப் பத்துப் பேர் கிடைக்கவில்லை.

பினாங்கில் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழி வந்த வணிகக் குடும்பத்தார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1805-இல் அவர்களுடைய அடக்கத்தலம் ஏற்பட்டதாகச் சொல்வார்கள். இன்று ஜாலான் ஜைனல் ஆபிதீன் என்று நாம் அழைக்கும் சாலை ஒரு காலத்தில் ஜாலான் யாஹுதி. அங்கே அந்தக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1941-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். போருக்குப் பின் எஞ்சியவர்களிலும் பெரும்பாலோர் ஒவ்வொருவராக வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள்.

பலஸ்தீன மக்கள் படும் துயரம் நம் நெஞ்சை அறுக்கும்போது யூதரின் வணக்கத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஓர் அரசு செய்யும் அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது நம் கடமை. அந்தக் கோபத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் உம்மத்து இறைவனை எப்படி அழைத்தது என்பதை அறியாமலிருக்க வேண்டியதில்லை. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நம் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று உணர்த்தினார்கள். அந்த நாயகத்தின் வழியில் நின்றே நாம் பேசுகிறோம்.

யூதர்கள் காலையிலும் இரவிலும் ஓதும் வணக்கத்துக்கு ஷெமா என்று பெயர். அந்தச் சொல்லுக்குக் 'கேள்' என்று பொருள். இறைவன் ஒருவனே என்பதைக் கேட்டுக்கொள் என்று அது தன் மக்களை அழைக்கிறது. முதல் வரியில் ஆறே சொற்கள். அதை ஓதும்போது வேறெதிலும் கவனம் போகாதபடி வலக்கையால் கண்ணை மூடிக்கொள்வார்கள். உறங்கப் போகும்போதும் அதை ஓதுவார்கள். உயிர் பிரியும் வேளையில் அந்த வரியே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும் என்று விரும்புவார்கள். நாம் கலிமாவுடன் கண் மூட விரும்புவதைப் போலத்தான்.

அந்த வரியின் கடைசிச் சொல் 'எஹாத்'. ஒருவன் என்று பொருள். சூரத்துல் இக்லாஸை ஓதிப் பாருங்கள். முதல் வசனமும் கடைசி வசனமும் 'அஹத்' என்று முடிகின்றன. இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். 'ஷெமா' என்பதற்கும் நம்மிடம் உறவுச் சொல் உண்டு. ருகூவிலிருந்து நிமிரும்போது 'ஸமிஅ' என்று தொடங்குகிறோமே, அதுதான். அங்கே மனிதனிடம் 'கேள்' என்கிறார்கள். இங்கே, தன்னைப் புகழ்பவனை இறைவன் கேட்கிறான் என்று சொல்கிறோம். தனித்துத் தொழுதால், ஃபர்ளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 முறை இதைச் சொல்கிறோம். சொல்லும் நமக்கு அதன் பொருள் தெரியுமா?

அவர்களுடைய வேதச் சுருளில் இந்த வரியின் முதல் சொல்லின் கடைசி எழுத்தையும், கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தையும் பெரிதாக எழுதுவது மரபு. அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் 'சாட்சி' என்று வரும். ஷஹாதா சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். ஒருவன் என்று சொன்ன கையோடு, அவனை முழு மனதோடும் உயிரோடும் பலத்தோடும் நேசிக்கச் சொல்கிறது ஷெமா. இந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பி என்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் இதைப் பற்றிப் பேசு என்கிறது. வாசல் நிலையிலும் எழுதி வை என்கிறது. அதனால்தான் அவர்கள் கதவு நிலையில் அந்த வசனங்களைச் சுருட்டி ஒரு சிறு கூட்டில் வைப்பார்கள்.

நம் வீட்டு வாசலிலும் கடைக் கல்லாவின் மேலும் ஆயத்துல் குர்ஸி சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்று எடையில் குறைத்தால், வேலையாளின் சம்பளத்தை இழுத்தடித்தால், அந்தச் சட்டம் வெறும் கண்ணாடிதான். வணக்கம் வாசலைத் தாண்டிக் கல்லாவுக்கும் சமையலறைக்கும் வர வேண்டும். அன்றாட வாழ்வில் வணக்கம் என்பதற்கு அதுவே பொருள்.

கடையநல்லூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்த நம் பெரியவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனாலும் கடையை அடைத்து வந்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஓதியதன் பொருளைத் தமிழில் சொன்னார்கள். இன்று பிள்ளைகள் நம்மைவிட அழகாக ஓதுகிறார்கள். பொருள் கேட்டால் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் நழுவுகிறது. குறை பிள்ளைகளிடம் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நாம் பேசவில்லை, கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஷாஃபி மத்ஹபில் ஜும்ஆவுக்கு 40 பேர் வேண்டும். நமக்கு இடம் போதாத அளவுக்குக் கூட்டம் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆகவே நாகூர் ரோட்டுக் கூடத்தின் கதி நமக்கு வராது என்று எண்ணிவிடலாம். ஆனால் ஆள் நிறைந்த வரிசையிலும் பொருள் வெறுமையாக இருக்கலாம். அந்தக் கூடம் மூடியதை ஊர் பார்த்தது. இந்த வெறுமையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

பொன்விழா நினைவாக ஒவ்வொரு குடும்பத்திடமும் நாம் கேட்பது ஒன்றுதான். மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம். ஒரு சிறு சூறா. அத்தாவோ உம்மாவோ அதன் பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும். நமக்கே தெரியாவிட்டால் ஆலிமிடம் கேட்டு வந்து சொல்வோம். அப்படிக் கேட்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். சூரத்துல் இக்லாஸிலேயே இன்றிரவு தொடங்கலாம்.

கேட்கும் செவியையும், கேட்டதை வாழும் மனதையும் வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.