ஆயிரம் குன்றுகளின் நாட்டில் காப்பி

(மலையூர்க் காப்பி விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



"அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஏழைக் குடியானவன் காப்பியால் முன்னேற முடியுமா?" என்பது மலையூர்களில் நாம் செல்லுமிடமெல்லாம் எழும் வினா. இதற்கு விடை தேட, ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ள ருவாண்டா நாட்டை நோக்குவோம். ஆயிரம் குன்றுகளின் நாடு என்று அதனைச் சிறப்பித்துக் கூறுவர். அங்குப் பெருந்தோட்டங்கள் மிகக் குறைவு. ஏறத்தாழ 4 இலட்சம் குடும்பங்கள், சில நூறு செடிகள் மட்டுமே வைத்துக்கொண்டு காப்பி விளைவிக்கின்றன.

அந்நாட்டில் காப்பி விருப்பத்தால் வளர்ந்த பயிரன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாதிரிமார் அதனைக் கொண்டுவந்தனர். பின்னர் ஆண்ட பெல்ஜியர்கள், 1930களில் குடியானவர்கள் காப்பி நட்டே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினர். நட்டவன் ஒருவன், விலை வைத்தவன் வேறொருவன். 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை குலைந்தபோது விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1994இல், நூறு நாள் அளவில், பல இலட்சம் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். தோட்டங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. குடும்பப் பொறுப்பு கைம்பெண்களின் தோள்களில் விழுந்தது.

அந்நிலையிலும் மண் மாறவில்லை, மழை மாறவில்லை. உயர்ந்த மலைச்சரிவில் பூர்போன் என்னும் நல்ல அராபிகா இனமே விளைந்துகொண்டிருந்தது. அவ்வாறாயின் நல்ல விலை ஏன் கிட்டவில்லை? பழத்தைப் பறித்த பின்னர் நடந்தவற்றில்தான் குறை இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலேயே பழத்தோலை நீக்கி, கிடைத்த நீரில் அலசி, கிடைத்த இடத்தில் உலர்த்தியது. நூறு வீட்டுக் கொட்டை நூறு விதமாக இருந்தது. அவை ஒரே மூட்டையில் கலந்தபோது, நன்றாகச் செய்தவனுக்கும் மட்டமான விலையே கிடைத்தது.

இந்நிலையை மாற்ற முனைந்த ஊர்களுள் ஒன்று, தென்பகுதியிலுள்ள மராபா. 1999இல் அங்குள்ள உழவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். உறவினரைப் பறிகொடுத்த பலர் அதில் சேர்ந்தனர். ருவாண்டாப் பல்கலைக்கழகமும் அமெரிக்க உதவித் திட்டம் ஒன்றும் துணை நிற்க, 2001இல் அங்குக் கழுவு நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

நிலையத்தின் வேலைமுறை எளியது. சிவந்து கனிந்த பழத்தை மட்டும் பறித்து, அன்றைக்கே கொண்டுவந்து சேர்ப்பர். நீரில் இட்டு, மிதக்கும் சொத்தைகளை ஒதுக்குவர். இயந்திரத்தால் தோலை நீக்கி, கொழகொழப்பு நீங்கும் வரை தொட்டியில் புளிக்கவைத்து, வாய்க்கால் நீரில் கழுவுவர். பின்பு, தரையில் பரப்பாது, உயர்ந்த வலைமேடைகளில் பரப்பிப் பெண்கள் குறைக் கொட்டைகளைக் கையால் பொறுக்கி நீக்குவர். 2003இல் பிரிட்டனின் கடைகளில் மராபா என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கியே அக்காப்பி விற்பனைக்கு வந்தது. 2008இல், சிறந்த காப்பிக்கான பன்னாட்டுப் போட்டி ஆப்பிரிக்காவிலேயே முதன்முறையாக ருவாண்டாவில் நடைபெற்றது. விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்த கழுவு நிலையங்கள் 200க்கு மேல் பெருகின.

எல்லாம் இனிதே முடிந்தது என்று நாம் கூறவில்லை. ஒருவகைப் பூச்சி பழத்தைத் துளைப்பதால் காப்பியில் பச்சை உருளைக்கிழங்கு வாடை ஏறும் குறை அங்கு இன்றும் உண்டு. கடல் அந்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் ஏற்றுமதிச் செலவு மிகுதி. போதிய பழம் வந்து சேராமையால் நட்டமுற்ற நிலையங்களும் உள. கட்டடம் எழுப்புவது எளிது. கடனைச் செலுத்துவதும், கணக்கை ஒளிவின்றிக் காட்டுவதும், உறுப்பினருக்கு உரிய காலத்தில் பணம் தருவதுமே அரிது. உடனே கைக்காசு தரும் தரகரிடம் உறுப்பினர் சென்றுவிட்டால் சங்கம் பெயரளவில் மட்டுமே நிற்கும்.

நமது சேர்வராயன் மலையிலும் பழனி மலைச்சரிவுகளிலும் சிறு விவசாயிகள் பலர் அராபிகா பயிரிடுகின்றனர். மலைக்கு மலை நிலைமை வேறு; எனினும் இப்படிப்பினை நமக்கும் பொருந்தும். செடி எண்ணிக்கையைப் பெருக்கும் முன், பறித்த பழம் அன்று மாலை எங்குச் செல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காயும் பழமும் கலவாமல் பறியுங்கள். பத்துக் குடும்பங்கள் கூடி ஓர் இயந்திரம், ஒரு தொட்டி, ஓர் உலர்களம் அமைக்க இயலுமா என்று, அடுத்த அறுவடைக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். கழிவுநீரை ஓடையில் விடாதிருக்கவும் அப்பொழுதே வழி வகுத்துக்கொள்ளுங்கள். கணக்கெழுதும் பொறுப்பில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு தோட்டம் சிறிதாகவே இருக்கலாம். சிறு தோட்டக்காரன் தனியனாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் முயற்சிக்கு வேண்டிய உதவியை நாம் என்றும் அளிப்போம்.