சாக்கில் எழுதிய பெயர்

 

கலையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கலை என்றவுடன் பட்டும் பொன்னும் பளிங்கும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. நான் இன்று எடுத்துரைக்க விரும்புவதோ, கிழிந்த கோணிச் சாக்கைக் கொண்டு உலகப் புகழ் எய்திய ஒருவரின் வரலாறு. அவர் பெயர் இப்ராகிம் மஹாமா. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டின் வடபகுதியில், டமாலே என்னும் நகரில் 1987ஆம் ஆண்டு பிறந்தவர். குமாசி நகரப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று, 2013இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

ஓவியம் பயின்றவர் சாக்கை நாடியது ஏன்? அதனை அறியச் சாக்கின் வரலாற்றை அறிதல் வேண்டும். கானாவின் பெருஞ்செல்வம் கோக்கோ. உலகெங்கும் உண்ணப்படும் சாக்லேட்டுக்கு மூலப்பொருள் அது. ஆனால் அதனை நிரப்பும் சணற்சாக்கு அந்நாட்டில் விளைவதன்று. உலகச் சணலில் பெரும்பகுதி வங்கதேசத்திலும் நம் நாட்டின் மேற்கு வங்கத்திலும் விளைவதாகும். ஆசியாவிலிருந்து கப்பலேறி வரும் சாக்கில் கோக்கோவை நிரப்பி, கானா நாட்டு விளைபொருள் என்று முத்திரை குத்துவர். ஒரு மூட்டையின் எடை ஏறத்தாழ 64 கிலோ. கோக்கோவுக்கு உதவாதபோது அதே சாக்கு தானியம் சுமக்கும். அதற்கும் உதவாதபோது கரி சுமக்கும். கிழிந்தால் ஒட்டுப் போடுவர், மீண்டும் கிழியும்.

இச்சாக்குகளுக்கு உரியவர்கள் தங்கள் பெயரை அவற்றின்மேல் எழுதி வைப்பதுண்டு. இவ்வாறு, சாக்கு சுமந்தது சரக்கை மட்டுமன்று. அதனைத் தொட்ட மனிதரின் வியர்வையையும் பெயரையும் அது சுமந்தது. மஹாமா புதிய சாக்குகளைச் சந்தைக்குக் கொண்டு சென்று, அவற்றைக் கொடுத்துப் பழைய சாக்குகளைப் பெற்றார். பிறர் கந்தல் என்று கண்டதை அவர் ஏடு என்று கண்டார்.

நண்பர்களே, இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூற வேண்டும். பிரிட்டிஷார் ஆட்சியில் கானாவின் வடபகுதி, தெற்கே உள்ள சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் கூலியாட்களை அனுப்பும் நிலமாகவே நடத்தப்பட்டது. அங்குப் பள்ளிகள் மிகச் சிலவே இருந்தன. 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவ்வேற்றத்தாழ்வு முற்றும் மறையவில்லை. இன்றும் வடபகுதிப் பெண்கள் பலர் தெற்கு நகரச் சந்தைகளுக்குச் சென்று தலைச்சுமை சுமக்கின்றனர். காயாயே என்று அவர்களை அழைப்பர். அவர்களில் சிலர் தம் பெயரையும் ஊரையும் முன்கையில் பச்சை குத்திக்கொள்கின்றனர். அழகுக்காக அன்று. ஊர் தெரியாத இடத்தில் விபத்து நேர்ந்தால், இவள் இன்னாள் என்று பிறர் அறிந்து வீட்டாருக்குச் செய்தி சொல்வதற்காக! அக்கைகளை மஹாமா நிழற்படமாக எடுத்துத் தம் படைப்புகளோடு வைத்தார்.

அவர் தனியே அமர்ந்து தைப்பவர் அல்லர். வேலை தேடி நகருக்கு வந்தோர் பலர் அவருடன் கூடி, கோணி ஊசியும் நூலும் கொண்டு நூற்றுக்கணக்கான சாக்குகளை ஒன்றோடொன்று தைப்பர். அப்பெருந்துணியால் அவர் கட்டடங்களையே போர்த்தினார். 2015இல் இத்தாலியின் வெனிஸ் நகரக் கலைவிழாவில் நீண்டதொரு நடைபாதையின் சுவர்களை அச்சாக்குகள் மூடின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. 2019இல் மிலான் நகரில், முற்காலத்தில் சரக்குகளுக்குச் சுங்கம் தண்டிய இரண்டு வாயிற் கட்டடங்களைப் போர்த்தினார். சரக்குக்கு வரி வாங்கிய மாளிகை, சரக்குச் சுமந்தவரின் கந்தலை அணிந்து நின்றது! 2024இல் லண்டனில் பார்பிகன் கலைக்கூடத்தைப் போர்த்த 2,000 சதுர மீட்டர் துணி தேவைப்பட்டது. டமாலே நகர நெசவாளரும் தையற்காரரும் அதனை உருவாக்கினர். அதனை விரித்துத் தைப்பதற்கு விளையாட்டு அரங்கமே வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் காத்து வந்த பழைய மேலங்கிகள் பலவற்றையும் அதன்மேல் தைத்தனர்.

இங்கு ஒரு வினா எழும், எழவும் வேண்டும். சாக்கு கலைக்கூடத்துக்குப் போயிற்று; சுமந்தவர் எங்கே போனார்? கலைஞருக்குப் புகழ் வந்தது. அவர் தலையில் இருந்த மூட்டை இறங்கிற்றா? ஏழையின் துன்பம் செல்வர் வீட்டுச் சுவருக்கு அணியாவதோடு முடியுமாயின், அக்கலையை நாம் போற்ற வேண்டுவதில்லை. இவ்வினாவை நாம் தயங்காமல் கேட்கலாம்.

விடையை அவர் சொல்லால் தரவில்லை, செயலால் தந்தார். கலையால் வந்த பொருளைக் கொண்டு, 2019இல் டமாலேயில் ஒரு கலை மையத்தைத் திறந்தார். 2020இல் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் செங்கற்களால் ஒரு பெருங்கூடத்தை எழுப்பினார். நாட்டின் முதல் தலைவர் நிக்ரூமா காலத்தில் தொடங்கப்பட்டு, 1966இல் அவர் ஆட்சி கவிழ்ந்த பின் கைவிடப்பட்ட ஒரு தானியக் களஞ்சியத்தை விலைக்கு வாங்கி, 2021இல் அதனையும் மக்களுக்குத் திறந்துவிட்டார். பறக்காத பழைய விமானங்களை வாங்கி நிறுத்தி, அவற்றை வகுப்பறைகளாக்கினார். விமானத்தில் ஏறியறியாத சிற்றூர்ப் பிள்ளைகள் அதனுள் அமர்ந்து பாடம் கேட்கின்றனர். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2025இன் இறுதியில், கலையுலகில் மிகுந்த செல்வாக்குடையோரைப் பட்டியலிடும் லண்டன் இதழ் ஒன்று அவருக்கு முதலிடம் அளித்தது. அவ்விடத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. எனினும் அவர் பணி நடைபெறும் ஊர் இன்றும் டமாலேதான்.

ஒரு கலைஞரால் எல்லாச் சுமையையும் இறக்கிவிட இயலாது. அச்சந்தைகளில் இன்றும் பெண்கள் சுமக்கத்தான் செய்கின்றனர். ஆயினும், அடுத்த தலைமுறைப் பெண்ணொருத்தி தன் பெயரைக் கையில் குத்திக்கொள்ளாமல் ஏட்டில் எழுதுவதற்கு அங்கே ஓர் இடம் உண்டாயிற்று.

இளைஞர்களே, நம் சங்கத்தின் உதவியால் பட்டம் பெற்றோர் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றீர்கள். வெளியூரில் பணி கிடைத்தால் செல்லுங்கள், உயருங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. உங்களைச் சுமந்து வந்த கைகள் யாருடையவை என்பதை மட்டும் மறவாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து, இங்குப் பயிலும் ஒரு பிள்ளைக்கு உங்கள் அறிவில் ஒரு பகுதியைக் கொடுங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கும் இச்சங்கம் ஐம்பதைக் காண்பது உங்கள் கையில் இருக்கிறது.