அள்ளக் குறையாததும் பெயர் திருடு போவதும்



இந்தக் கொடைக்கானல் மலை அறிவை இரண்டு விதமாகக் காத்து வருகிறது. ஒன்று, சூரிய ஆய்வகத்தில். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது இங்கேதான். 1904 முதல் கண்ணாடித் தகடுகளில் எடுத்த சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றி, கேட்பவர்க்கெல்லாம் திறந்துவிட்டிருக்கிறது. எத்தனை பேர் எடுத்துப் பார்த்தாலும் ஒரு படமும் குறையவில்லை. அள்ளினால் சோறு குறையும், அறிவு குறையாது.

இன்னொன்று, மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்து வீடுகளில் தொங்குகிறது. மலைப்பூண்டைத் தாளோடு கட்டி, புகை படும்படி தொங்கவிடுவார்கள். பல மாதம் கெடாது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த நுட்பம் அது. இதுவும் சொல்லிக்கொடுத்தால் குறையாது. ஆனால் வேறெங்கோ விளைந்த பூண்டு 'கொடைக்கானல் பூண்டு' என்ற பெயரில் சந்தைக்கு வந்தால், அடிபடுவது இவர்கள் விலை.

அதைத் தடுக்கத்தான், ஊர்ப் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம், 1999இல். மலைப்பூண்டுக்கு 2019இல் குறியீடு கிடைத்தது. பூண்டுக்கான முயற்சியில் உங்கள் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. இந்தக் குறியீடு காப்புரிமை போன்றதல்ல. காப்புரிமை 20 ஆண்டில் முடிந்துவிடும். அதுவரை அதை விற்கலாம், அடகும் வைக்கலாம். புவிசார் குறியீட்டை விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் ஊரோடு நிற்கும்.

நல்ல சட்டம்தான். ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தால் மட்டும் போதாது. விளைவிப்பவர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தம் பெயரைத் தனியே பதிந்தால்தான் அந்த முத்திரை அவர் மூட்டைக்குச் சட்டப்படி சொந்தம். படிவம், கட்டணம், சென்னையில் பதிவகம் என்று கேட்டதுமே பூண்டு உரிக்கும் கை தயங்குகிறது. அறிவு ஒருவரிடம், படிவம் நிரப்பும் திறமை இன்னொருவரிடம் என்று இருக்கும்வரை, லாபம் படிவத்தின் பக்கமே சாயும்.

பட்டம் பெறும் மாணவிகளே, அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் நீங்கள். வேலை எந்த ஊரில் கிடைத்தாலும் போங்கள். மலை இறங்குமுன் ஒரு பூண்டுக்காரம்மா வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் பெயரில் படிவத்தை அவர் கண்முன்னே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.