பாலர் வகுப்பிலிருந்து மனையியல் அறைக்கு

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கேட்டபோது செயலாளர், "உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ, பத்து நிமிஷம்" என்றார். முப்பத்தாறு வருட அனுபவத்துக்குப் பத்து நிமிடம். ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பயிற்சி பெற்றவள் எப்படி மனையியல் ரீச்சராக ஓய்வுபெற்றாள் என்ற ஒரு கதையை மட்டும் சொல்லுகிறேன்.

1984இல் நான் இங்கிருந்து வெளியேறியபோது என்னிடம் இருந்தவை ஒரு சான்றிதழும், ஒரு பெட்டி நிறைய மட்டையில் வெட்டிய எழுத்துகளும், ஐந்தாறு கைதட்டுப் பாட்டுகளும். ஆறு வருடம் ஆண்டு 2 எடுத்தேன். அந்த வகுப்பு எனக்கு ஒரு வீடு மாதிரி. காலையில் மூக்குத் துடைத்து விடுவதிலிருந்து மத்தியானம் செருப்புத் தேடிக் கொடுப்பது வரை எல்லாம் நானே. கணக்கும் நான், தமிழும் நான், பாட்டும் நான். முப்பத்திரண்டு பிள்ளைகளின் அம்மாமாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. எங்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்தவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். புது ஆள் வர வழியில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் அதிபர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒரு தவணைக்கு மட்டும் இந்தப் பாடத்தைப் பாருங்கோவன். நீங்கள் பொம்பிளைப் பிள்ளைதானே, சமையல் தெரியும்தானே" என்றார். அந்த ஒரு தவணை 2020இல் நான் ஓய்வுபெறும்வரை முடியவேயில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவமானமாக இருந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர், "இனி எங்களுக்கு வடை கிடைக்கும்" என்று பகிடி விட்டார். வீட்டில் அம்மா பகிடி விடவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்குப் போனவர்; என்னை அதற்குள் விடக்கூடாது என்று இரண்டு வளையலை அடகு வைத்துப் படிப்பித்தவர். "இவ்வளவு படிச்சுப்போட்டு அடுப்படிக்கே திரும்பிப் போறியோ?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை.

முதல் நாள் ஆண்டு 8. பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். ஒரே சத்தம். எனக்குத் தெரிந்த வழியில் மூன்று தரம் கைதட்டி, "எல்லாரும் வாயில விரல்!" என்றேன். ஒரு கணம் அமைதி. பிறகு வகுப்பே குலுங்கிச் சிரித்தது. பின்வாங்கிலிருந்த ஒருத்தி உண்மையாகவே விரலை வாயில் வைத்துக் காட்டினாள். ஆண்டு 2இல் என் சொல் வேதவாக்கு. இங்கே நான் ஒரு வேடிக்கை. அதோடு நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கிறது. ஒரு வகுப்பின் பெயர்களை மனத்தில் பதிப்பதற்குள் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கிறது. அந்தத் தவணை முழுவதும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத ஆசிரியையாக இருந்தேன். அதுதான் எனக்கு மிகவும் நொந்தது.

மனையியல் அறையின் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் இல்லாத ஊரில் ஒரு மின்சார அவண். ஊசி இல்லாத ஒரு தையல் மெசின். ஒரு தராசு, படிகளில் பாதியைக் காணவில்லை. முன்னவர் விட்டுப்போன குறிப்புக் கொப்பியில் முதற் செய்முறை பட்டர் கேக். ஒரு இறாத்தல் மா, ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் பட்டர். வெளியில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் நெருங்க முடியாத விலை. சவர்க்காரம் இல்லை, மெழுகுதிரி இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்த காலம். அந்தப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் பட்டர் கேக் எழுதிப் போட்டேன். அவர்களும் வடிவான எழுத்தில் பார்த்து எழுதினார்கள். கேக்கைக் காணாமலே கேக்குக்கு நல்ல புள்ளி எடுத்தார்கள்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான்.

சமநிலை உணவு படிப்பித்து முடித்து வீட்டுவேலை கொடுத்தேன்: "நேற்று நான் உண்டவை. காலை, மதியம், இரவு." மறுநாள் கொப்பிகள் வந்தன. எல்லாக் கொப்பியிலும் காலையில் பாலும் முட்டையும், மத்தியானம் மீனும் கீரையும் தயிரும், இரவில் பழம். எனக்குச் சந்தோஷம், பாடம் பதிந்துவிட்டது என்று எட்டும் ஒன்பதுமாய்ப் புள்ளி போட்டுக்கொண்டு போனேன். ஒரு கொப்பியில் மட்டும் இப்படி இருந்தது:

காலை: வெறுந்தேத்தண்ணி, பனங்கட்டி.
மதியம்: சோறு, முருங்கையிலை வறை.
இரவு: மத்தியானத்துச் சோறு, சொதி. தேத்தண்ணி.

நான் சிவப்புப் பேனையால் "இது சமநிலை உணவு அல்ல" என்று எழுதி, பத்துக்கு நான்கு போட்டேன்.

இடைவேளையில் அந்தப் பிள்ளை வந்து நின்றாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. விளங்காததைக் கேட்கிற குரலில்தான் கேட்டாள். "ரீச்சர், நேற்றுச் சாப்பிட்டதைத்தானே எழுதச் சொன்னனீங்கள்?"

ஆறு வருடம் ஆண்டு 2இல் ஒரு பிள்ளையின் படத்துக்குக்கூட நான் பிழை போட்டதில்லை. வீட்டைவிடப் பெரிய கோழி வரைந்திருந்தால், பக்கத்தில் குந்தி, "இது ஆற்ற கோழி?" என்று கேட்பேன். அப்படித்தான் இந்தக் கலாசாலையில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். கொஞ்சம் உயரமான வகுப்புக்குப் போனதும் அதையெல்லாம் கீழே விட்டுவிட்டு, ஒரு சிவப்புப் பேனையை மட்டும் கொண்டு போயிருக்கிறேன்.

அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கடியில் என்னுடைய பட்டியலை எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம். அப்படியிருந்தும் என் பட்டியலுக்கு நானே நான்கரைக்கு மேல் போட முடியவில்லை.

மறுநாள் அதை வகுப்பில் வாசித்தேன். முதலில் சிரிப்பு, பிறகு ஒரு மாதிரியான மௌனம். யாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இரண்டு கிழமைக்குள் ஒவ்வொருத்தியாகக் கொப்பியைத் திருப்பிக் கொண்டுவந்து, "ரீச்சர், முந்தி எழுதினது சும்மா" என்றார்கள். அந்தப் பிள்ளையிடம் புள்ளியை மாற்றித் தருகிறேன் என்று கொப்பியைக் கேட்டேன். "வேண்டாம் ரீச்சர், வெட்டி எழுதினால் கொப்பி ஊத்தையாப் போடும்" என்று தரவில்லை. அந்த நான்கு அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பாடம் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கியது. காசு செலவழிக்காமல் இதில் எதை நகர்த்தலாம்? சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் முருங்கையிலையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். அதே வறையில் அரைத் தேசிக்காய் பிழிந்தால் கூடும். ஆகவே தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளு, வேலியில் காய்க்கிற தேசிக்காயைக் கிட்டக் கொண்டுவா. இலையை அரிந்துவிட்டுக் கழுவாதே, கழுவிவிட்டு அரி. கஞ்சித் தண்ணியை ஊற்றாதே. குரக்கனில் அரிசியைப்போலப் பல மடங்கு கல்சியம் இருக்கிறது. அது ஏழைகளின் மா என்று வெட்கப்படாதே. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சப்பு. பயறு முளைக்கவைத்தால் அதில் உயிர்ச்சத்து சி உண்டாகும். இதைச் சொன்ன அன்று ஒருத்தி, "பயறு இல்லாட்டி ரீச்சர்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, இன்றைக்கும் இல்லை. மனையியல் பசியைத் தீர்க்கும் என்று சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. இருப்பதைப் பாழாக்காமல் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

தராசுப் படிகள் இல்லாததற்கு ஆரம்பப் பிரிவே கைகொடுத்தது. ஆண்டு 2இல் நான் மணலும் பேணியும் வைத்து அளவை படிப்பித்தவள். ஒரே சுண்டால் அரிசி, மா, குரக்கன் மூன்றையும் அளந்து, இருந்த படிகளால் நிறுத்துப் பார்த்தோம். ஒரே சுண்டு, மூன்று நிறை. "அப்ப கப் கணக்கில எழுதினது பிழையோ?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காக ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கலாம்.

சலவைப் பாடம் வந்தது, சவர்க்காரம் இல்லை. ஒரு பிள்ளையின் ஆச்சியைக் கூப்பிட்டோம். பனம்பழக் களியால் துணி தோய்க்கிற முறையை அவர் கிணற்றடியில் செய்து காட்டினார். அழுக்குப் போனது உண்மை. நான் துணிந்து என் நூற்சேலை ஒன்றைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். பனங்காய் வாசத்துக்கு மாடு வந்து தலைப்பைச் சப்பிவிட்டது. அந்த வருடம் முழுக்க மாணவிகள் என்னைக் கண்டால் "ம்மா" என்றார்கள்.

பெடியன்களுக்கும் பொத்தான் தைக்கப் பழக்கினேன். ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். அதை இங்கே விரிக்கவில்லை. அவர் இப்போது என் நல்ல சிநேகிதர்.

1995 ஒக்ரோபர் 30. இந்தச் சபையில் பலருக்கு அந்த இரவைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மழையில் நனைந்து நனைந்து வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்குப் போனோம். நாங்கள் தங்கியது ஒரு பாடசாலை மண்டபம். இரண்டு மூன்று நாளில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. ஒரு காலையில் மூலையில் ஒரு தாய் ஏழெட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்தார். கண் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் என் ஆண்டு 9 மாணவி, குழந்தையின் அக்கா. ஒரு லீற்றர் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர். எங்கேயோ இரந்து வாங்கிய கொஞ்சச் சீனி. தாய் உப்பைக் கும்பமாக அள்ளப் போக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள். "ரீச்சர், தட்டின கரண்டியெண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ! நான் சொல்லக் கேக்கிறா இல்லை!"

தட்டின தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு, ஒரு லீற்றர் தண்ணீர். உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வகுப்பில் இதை அடிமட்டத்தால் கரண்டியை வழித்து வழித்துச் செய்வித்தபோது, "இதென்ன பாலர் வகுப்போ" என்று சலித்துக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. அங்கே அடிமட்டம் இல்லை; தீப்பெட்டி மட்டையால் வழித்தாள். பிறகு கரண்டி கரண்டியாகப் பொழுதுபடும்வரை பருக்கினாள். பின்னேரம் ஒரு தாதியும் வந்து பார்த்தார். குழந்தை தப்பியது. அது என் பாடத்தால்தான் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் அன்றிரவு அம்மா, மண்டபத்தின் மற்ற மூலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தப் பெட்டைக்கு நீயோ படிப்பிச்சனீ?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அடுப்படிப் பேச்சும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

1996இல் திரும்பி வந்தபோது அலுமாரி திறந்து கிடந்தது. தராசு போய்விட்டது. அவண் மட்டும் இருந்தது, யாருக்கும் வேண்டாமல். பிறகு சேவைக்காலப் பயிற்சிக்குப் போனதும், பாடத்துக்கு மனைப்பொருளியல் என்று பெயர் வந்ததும், ஆண்டு என்பது தரம் ஆனதும் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகள்.

கடைசியாக ஒன்று. 2022இல் நாடு முழுக்க எரிவாயு இல்லாமல் சனம் வரிசையில் நின்றதே, அப்போது கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. குரல் பிடிபடவில்லை. "ரீச்சர், நான் பத்துக்கு நாலு" என்றாள். இரண்டு பிள்ளைகளின் தாய், மூன்றாம் மாடியில் குடியிருப்பு. நாங்கள் தகரப் பேணியில் செய்த மரத்தூள் அடுப்பை எப்படி இறுக்குவது என்று கேட்டாள். நடுவில் போத்தலை நிமிர்த்தி, அடித் துளைக்குள் ஒரு தடியைச் செருகி, சுற்றிவர மரத்தூளை நன்றாக இடித்து, பிறகு இரண்டையும் மெல்ல உருவ வேண்டும் என்றேன். வீட்டுக்குள் வேண்டாம், புகை பொல்லாதது, கீழே முற்றத்தில் வை என்றும் சொன்னேன். "சரி, நேற்று என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்டேன். பாண், பருப்பு, வல்லாரைச் சம்பல் என்று ஒழுங்காகச் சொன்னாள். சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடித்தாயா என்றேன்.

"குடிச்சனான் ரீச்சர்" என்றாள், களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி.

செயலாளர் கை காட்டுகிறார். பின்னால் தேநீர் தயாராம். நாங்கள் மத்தியானச் சாப்பாடு முடித்து இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. குடிக்கிறவர்கள் என் கண்ணில் படாமல் குடியுங்கள்.